மௌனத்திலும் காது கேட்கும்

வண்டியை எங்களிடம் விட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது, அக்கா வாசலுக்கே போய் நின்று கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுவார். நல்ல செய்திக்கு அவசரமில்லை, அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி.

"கண்ணாடி மாத்தியாச்சு சார். ஆனா மாத்தும்போது வைப்பர் கையில ஒரு கீறல் வுழுந்துடுச்சு. எங்க ஆளுதான் பண்ணது. இதோ, இங்க பாருங்க."

வந்தவர் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து பார்ப்பார்.

"எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே?"

"வெயில்ல பாருங்க சார், தெரியும்."

கீறலைக் காட்டுவதற்காக வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமங்களும் விடுதிகளும் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது அந்தக் கடை. பஸ், லாரி, கார் எதுவானாலும் கண்ணாடி மாற்றித் தருவோம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன், நான்கு வருடம் இருந்தேன். கடையைத் தொடங்கியவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட முதலாளியம்மாவின் வீட்டுக்காரர். அவருக்குக் கண்ணாடியைத் தூக்கினால் கை நடுங்கும். சென்னைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதோடு அவர் நிறுத்திக்கொள்ள, மற்றதெல்லாம் அக்காவிடம் வந்து சேர்ந்தது. ஐம்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் இருக்கும். வண்டியில் எங்கெங்கே கீறல், எங்கெங்கே நசுங்கல் என்று வட்டம் போட. பழையதற்கும் வட்டம் உண்டு, எங்களால் வந்ததற்கும் உண்டு. எங்களால் வந்ததற்கு மட்டும் இரட்டை வட்டம்.

"மொதல்ல சொல்லிடணும். அப்பறமா சரி பண்ணலாம், சண்ட போடலாம், இன்னா வேணா பண்ணலாம்" என்பார்.

ஒருமுறை வேலூர் போகும் தனியார் பஸ்ஸுக்கு முன்கண்ணாடி மாட்டினோம். கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கின் உதட்டில் கயிறு வைத்து, உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க, வெளியேயிருந்து இருவர் கையால் அழுத்த, கண்ணாடி சட்டத்தில் உட்காரும். அரை நாள் வேலை. டிரைவர் வந்தார், ஏறினார், கிளப்பிவிட்டார். அவசரத்தில் அக்காவைக் கவனிக்கவில்லை. அக்கா ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டார். அடுத்த நிறுத்தம் வரை டிரைவர் பக்கத்திலேயே நின்று, கண்ணாடியின் வலது கீழ் மூலையில் மயிரிழை அளவு ஒரு கோடு இருப்பதையும், அது கயிறு இழுக்கும்போது வந்ததையும் சொல்லி முடித்துவிட்டு, இறங்கி நடந்து வந்தார். மறுவாரம் அந்த டிரைவர் கடைக்கு வந்தார்.

"தெரியாம இருந்தா நான் பாட்டுக்கு ஓட்டினு இருந்திருப்பேன். இப்ப ரோட்டைப் பாத்தா கோடுதான்க்கா தெரியுது."

"அப்ப மாத்திடலாம் வா" என்றார் அக்கா. மாற்றியும் கொடுத்தார்.

என் விஷயத்திலும் அப்படித்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், எங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் வேலை செய்யும் இடத்தில் விசாரித்துவிடலாம் என்று கடைக்கு வந்தார்கள். நான் உள்ளே ஒரு கார்க் கதவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"பொண்ணு எப்பிடிம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

"வேலைன்னு வந்துட்டா அதுமாதிரி ஆளு கிடையாது. சமையல் கம்மி. வாய் கம்மிதான், ஆனா தப்பா பேசினா எதுத்துக் கேக்கும். எதுக்கெடுத்தாலும் லிஸ்ட் போடும். கல்யாணம் ஆனா மாப்பிள்ளைக்கும் ஒரு லிஸ்ட் போடும். மொதல்லயே சொல்லிட்டேன்."

வந்தவர்கள் எங்கள் வீட்டுப் பக்கமே போகாமல் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். என் அம்மா ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. நான் அக்காவுக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு கார் டிரைவர் ரகசியம் காக்கச் சொல்லி வந்தார்.

ஒரு காலையில், கூரைமேல் நீலத் தார்ப்பாய் கட்டிய வெளிநாட்டுக் கார் ஒன்று கடைக்குள் மெல்ல நுழைந்தது. முன்சீட்டிலிருந்து பின்சீட் வரை வானம் தெரியும்படி கூரை முழுக்கக் கண்ணாடி வைத்த கார்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் கடைக்கு அந்த வகையில் வந்த முதல் கார் அதுதான். கூரையில் இரண்டு கண்ணாடிகள். பின்பாதி நிலையானது, முன்பாதி வழுக்கித் திறப்பது. தார்ப்பாயை விலக்கினால் முன்பாதியைக் காணோம். கற்கண்டு மாதிரி நொறுங்கி, உள்ளே வெயில் மறைக்கும் துணித்திரை மேல் குவிந்து கிடந்தது.

டிரைவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஓசூர்க்காரர். கண்ணாடி போன கதையைக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். விடுதி மாடியின் கைப்பிடிச் சுவரில் வரிசையாகப் பூந்தொட்டிகள். அங்கே இரண்டு குரங்குகள் சண்டை போட்டதில் ஒரு தொட்டி நேராகக் கூரைமேல் விழுந்துவிட்டது.

"ஓனரு பெங்களூருக்கா. பத்து நாள் மௌன விரதம்னு ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு. இன்னைக்கு நாலாம் நாளு. பத்தாம் நாளு அவரு வெளிய வர்றதுக்குள்ள மாத்திக் குடுத்துட்டீங்கன்னா அவருக்குத் தெரியவே தெரியாது."

நான் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். வண்டியின் சேசிஸ் எண், அதை வைத்துச் சரியான கண்ணாடி. இன்ஷூரன்ஸ் தாள். அதில் உரிமையாளர் கையெழுத்து.

"கையெழுத்தா? அத நான் போட்டுடறேன் மேடம். அவரு கையெழுத்து எனக்கு நல்லா வரும்."

"நல்லா வருமா?" என்றார் அக்கா. "அப்ப இதுக்கு முன்னாடியும் போட்டிருக்கியா?"

டிரைவர் காரைப் பார்த்தார்.

"அவர்கிட்டயே சொல்லிடலாம் தம்பி."

"மௌனத்துல இருக்காருக்கா!"

"மௌனத்துல காது கேக்கும்ல?"

டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, மாடிக்குக் கீழ நிறுத்தாதன்னு ரெண்டு தடவ சொன்னாரு. நெழலு இருக்கேன்னு நிறுத்திட்டேன். தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு. ஏழு வருஷமா ஓட்டறேன்க்கா. இன்னொரு எடத்துல இப்பிடி ஒரு வண்டி எனக்கு யாரு குடுப்பா?"

கேட்கும்போது எனக்கே மனம் இளகிவிட்டது. அக்காவுக்கும் இளகியிருக்கும். ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

விடுதி பத்து நிமிட நடை, மூவரும் போனோம். பூந்தொட்டிகள் இருந்த சுவருக்குக் கீழே, தாழ்வாரத்து நாற்காலியில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை தொங்கியது. மடியில் ஒரு சின்ன நோட்டு. அக்கா எதிரில் போய் நின்று வணக்கம் சொன்னார். அவர் அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"தெரியும் சார், நீங்க பேச வேணாம். நான்தான் பேசணும்" என்று அக்கா தொடங்கிவிட்டார். குரங்கு, தொட்டி, நிழல், ரெண்டு தடவை சொன்னது, கையெழுத்துப் போட டிரைவர் தயாராக இருப்பது, ஒன்று விடாமல் சொன்னார். டிரைவர் பத்தடி தள்ளித் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கேட்கக் கேட்க அந்தப் பெரியவருக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். திறந்ததும் விரதம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். நாற்காலியின் கையை இரண்டு முறை குத்தினார். அத்தனை கோபத்தைச் சத்தமே இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு நோட்டை எடுத்து ஆங்கிலத்தில் எண் போட்டு மூன்று வரி எழுதி, கிழித்து என்னிடம் நீட்டினார். அக்கா படிக்கச் சொன்னார். நான் தமிழில் படித்தேன்.

"ஒன்று, கண்ணாடியை மாற்றுங்கள், இன்ஷூரன்ஸ் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு, அதுவரை டிரைவர் வண்டியோடு இருக்கட்டும். மூன்று..." நான் நிறுத்தினேன்.

"படிம்மா."

"மூன்று, ஊர் போனதும் அவன் எனக்கு வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்திப் படித்தேன்.

அக்கா அந்தத் தாளை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. மூன்றாம் வரியின்மேல் விரலை வைத்தார்.

"சார், இத மட்டும் மௌனம் முடிஞ்சதும் வாயால சொல்லுங்க. எழுதறது சுலபம்."

அவர் தலையை ஆட்டினார். சரியென்றா, போவென்றா, தெரியவில்லை.

திரும்பும் வழியில் டிரைவர் என்னிடம் கேட்டார், "மூணாவது இன்னா மேடம்?" நான் எப்படி மழுப்பலாம் என்று யோசிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். அப்படியே, ஒரு சொல் குறையாமல். டிரைவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"உங்களுக்கு இன்னாக்கா போச்சு? வாய மூடினு இருந்திருந்தா கண்ணாடியும் மாறியிருக்கும், என் வேலையும் இருந்திருக்கும். சொல்லாம இருக்க முடியலன்னா அது ஒரு வியாதி. டாக்டர்கிட்டப் போங்க."

நியாயத்தைச் சொன்னால் அன்று நான் டிரைவர் பக்கம்தான் இருந்தேன். கீறலைச் சொல்வது வேறு. இங்கே போவது இன்னொருவர் பிழைப்பு. கடைக்கு வந்ததும் அதை அக்காவிடம் கேட்டேன்.

"அவன் கையெழுத்துப் போட்டு மாட்டியிருந்தா வேலையோடவா போயிருக்கும்?" என்றார். பிறகு, "ஆனா நீ கேக்கறதும் சரிதான். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது" என்றார். அதையும் சொல்லிவிட்டார்.

கண்ணாடி சென்னையிலிருந்து பார்சலில் வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் டிரைவர் காலையில் கடைக்கு வருவார், காரைத் துடைப்பார், என்னோடு மட்டும் பேசுவார். அக்கா டீ வாங்கிக் கொடுத்தால், குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டுவார். ஒன்பதாம் நாள் ஒரு பையோடு வந்தார். விடுதியில் டிரைவர்கள் தங்கும் அறையைக் காலி செய்துவிட்டாராம். இரவு கடையிலேயே படுத்துக்கொண்டு, மறுநாள் காரை ஒப்படைத்ததும் இங்கிருந்தே பஸ் ஏறப் போவதாகச் சொன்னார்.

அன்றுதான் வேலையை முடித்தோம். மாட்டுவதைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. கண்ணாடி வழுக்கும் தண்டவாளத்தில் ஒரு துணுக்கு தங்கினாலும் கூரை பாதியில் நின்றுவிடும். வேக்குவம் போட்டு இழுத்தேன், பிரஷ்ஷால் தேய்த்தேன், மறுபடி இழுத்தேன். ஃபிட்டர்கள் இருவர் கண்ணாடியை இரு பக்கமும் பிடித்து இறக்க, நான் திருகாணிகளைப் போட்டு, முன்விளிம்பு கூரைக்கு ஒரு நூல் தாழ்வாக, பின்விளிம்பு ஒரு நூல் உயரமாக வரும்வரை ஏற்றி இறக்கினேன். பிறகு தண்ணீர்ச் சோதனை. இந்த வகைக் கூரை சொட்டுக்கூட விடாமல் தடுப்பதற்கல்ல. ஓரத்தில் கசியும் நீரை ஒரு வாய்க்கால் பிடித்து, நான்கு மூலைக் குழாய்கள் வழியாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளை ஊற்றி, நான்கும் கீழே ஒழுகுவதைப் பார்த்து, என் லிஸ்டில் நான்கு டிக் அடித்தேன்.

பத்தாம் நாள் காலை நான் கடைக்குப் போனபோது காருக்குள் சாமந்திப் பூ மணம். விடியற்காலையில் டிரைவர் மலை சுற்றிவிட்டு, கோயில் வாசலில் ஒரு கூடை உதிரிப்பூ வாங்கி வந்திருக்கிறார். ஏழு வருடம் ஓட்டிய வண்டியைச் சும்மா விட்டுப் போக மனமில்லை. கூரையைத் திறந்து வைத்து, மேலேயிருந்து கூடையைக் கவிழ்த்துப் பூமாரி பொழிந்துவிட்டார். சீட்டெல்லாம் பூ. அதைக் கூட்டிப் பெருக்கி, கூரையை மூடியும் வைத்துவிட்டார்.

எட்டரை மணிக்குக் கால் மணி நேரம் மழை கொட்டியது. வெளியே நின்ற காரின் கதவைத் திறந்தால் டிரைவர் சீட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உள்கூரைத் துணியின் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கூரையைத் திறந்து பார்த்தேன். வாய்க்காலில் சாமந்தி இதழ்கள் மிதந்தன. முன் வலது குழாயின் வாயில் ஒரு கொத்து அடைத்திருந்தது. மெல்லிய நைலான் இழையை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்தேன். பழையபடி கீழே ஒழுகியது. துணியில் மட்டும் ஈரம் நின்றது.

"ஏசி போட்டா காஞ்சிடும் மேடம்" என்றார் டிரைவர். பிறகு, ஆறு நாள் கழித்து முதல் தடவையாக, அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, இத மட்டுமாவது சொல்லாதீங்க. எப்பிடியும் போகப்போறேன். பூவப் போட்டுக் கெடுத்தான்னு பேரு வேணாம்."

அக்கா ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் சொல்லல" என்றார்.

எனக்கு ஆச்சரியம்.

"நான் இன்னைக்கு மௌனம். வண்டி போற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். இது உன் பூவு. நீ சொன்னா உண்டு, சொல்லலன்னா இல்ல." சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடி, கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குப் பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கழுத்தில் அட்டை இல்லை. அக்கா எழுந்து கும்பிட்டார். அவ்வளவுதான். பெரியவர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்னம்மா, நல்லா முடிஞ்சிதா?" பத்து நாள் பேசாத தொண்டை கரகரத்தது. அக்கா என்னைக் கைகாட்டினார். நான் முடித்த வேலைகளைச் சொன்னேன். குழாய் அடைத்ததை என் லிஸ்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி டிரைவரைப் பார்த்தேன். அவர் சொல்லாவிட்டால் நான் படித்துவிடுவதாக இருந்தேன். ஒரு நிமிடம் கொடுத்தேன்.

பெரியவர் புதுக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். அக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் படிக்கட்டில் தொற்றிய பெண்ணுக்கு அது எத்தனை பெரிய வதை என்று எனக்குத் தெரியும்.

"சார்" என்றார் டிரைவர்.

பெரியவர் தலையை வெளியே எடுத்தார்.

"மேல வலது பக்கம் ஈரம் இருக்கும் சார். நான்தான். காலைல பூப் போட்டேன், அது குழாய்ல போயி அடைச்சிக்கிச்சி. கடைக்காரங்க மேல தப்பில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "தொட்டி வுழுந்ததும் என்னாலதான். நெழல்ல சீட்டச் சாச்சித் தூங்கலாம்னு அங்க நிறுத்தினேன்."

"சரி" என்றார் பெரியவர்.

ஆனால் டிரைவரால் நிறுத்த முடியவில்லை. "போன வருசம் பம்பர் அடிபட்டுச்சே, மாடு குறுக்க வந்துச்சின்னு சொன்னேன். மாடு இல்ல சார். பெட்ரோல் பங்க் தூணு."

"தூணா?"

"ஆமா சார். பார்சல் வந்தா உங்க கையெழுத்த நான்தான் போடறேன். அப்பறம், பின்னாடி நீங்க தூங்கிட்டீங்கன்னா பஜனைய நிறுத்திட்டு சினிமா பாட்டு போட்டுக்குவேன். சத்தம் கம்மியாத்தான் வெப்பேன் சார்."

பெரியவர் காரைப் பிடித்துக்கொண்டார். "அதான் எனக்குக் கனவுல எல்லாம் டூயட்டா வருதா?"

"அது மட்டும் இல்ல சார், ஒருதடவ உங்க மச்சான் வந்தப்ப..."

"போதும்டா!" என்று கத்தியது அக்கா. ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. "போதும், நிறுத்து! எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லுவாங்களா? மனுசன் இப்பதான் விரதம் முடிச்சிட்டு வந்திருக்காரு!"

அந்த நான்கு வருடத்தில் ஒருவரைச் சொல்லாதே என்று அக்கா தடுத்தது அந்த ஒருமுறைதான். முதலில் சிரித்தது பெரியவர். கரகரத்த தொண்டையோடு, இருமிக்கொண்டே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தவரின் பார்வை, சுவரோரம் இருந்த பையில் வந்து நின்றது.

"இது யாருது?"

"என்னுது சார். பஸ்ஸுக்கு..."

பெரியவர் குனிந்து அந்தப் பையை எடுத்தார். காரைச் சுற்றிப் போய் டிக்கியைத் திறந்து, தன் பெட்டி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். பின்கதவை விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மச்சான் வந்தப்ப என்ன ஆச்சு? வண்டிய எடு, போயிட்டே சொல்லு."

கார் கடையை விட்டு இறங்கி செங்கம் சாலையில் ஏறியது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே டிரைவரின் கை ஒன்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எதையோ விவரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா விழுந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார்.

"பாவம் அந்த சாரு" என்றார். "பெங்களூரு வரைக்கும் கேக்கணும்."